வன்தட்டு இடம் விடுவித்தல்

வன்தட்டு இடம் விடுவித்தல் என்பது, கணினியின் வன்தட்டில் பயனரின் பார்வைக்குப் புலப்படாமல் நிரம்பியுள்ள இடத்தைக் கண்டறிந்து, அதனை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் செயற்பாடு ஆகும். சிறிய வன்தட்டுகளைக் கொண்ட பழைய மடிக்கணினிகளில் இதன் தேவை மிகுதி. பயனரின் ஆவணங்கள், ஒளிப்படங்கள், பாடல்கள் ஆகியவற்றின் மொத்த அளவு, வட்டில் நிரம்பியிருப்பதாகக் காட்டப்படும் அளவைவிட மிகக் குறைவாக இருப்பதுண்டு. எஞ்சிய இடத்தை நிறுவப்பட்ட மென்பொருள்களுடன், இயங்குதளத்தின் மறைகோப்புகளும் தயாரிப்பாளர் ஒதுக்கிய வட்டுப் பிரிவுகளும் எடுத்துக்கொள்கின்றன. இந்த ஒதுக்கீடுகளில் பெரும்பாலானவை வீணானவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பணிக்கு உரியது. இடத்தை விடுவித்தால் அப்பணியையும் இழக்க நேரும். இக்கட்டுரை பெரும்பாலும் விண்டோஸ் இயங்குதளத்தைப் பற்றியது.

அளவீட்டு வேறுபாடு

வன்தட்டுத் தயாரிப்பாளர்கள் ஒரு கிகாபைட் என்பதை 100 கோடி பைட்டுகளாகக் கொள்கின்றனர். விண்டோஸ் அதனை 1,07,37,41,824 பைட்டுகளாகக் கணக்கிடுகிறது. இதனால் 500 கிகாபைட் என விற்கப்படும் வன்தட்டு, விண்டோசில் ஏறத்தாழ 465 கிகாபைட் எனத் தோன்றும். இது மறைந்த இடம் அன்று. இதனை மீட்கவும் இயலாது. 2009 இல் வெளியான மாக் ஓஎஸ் எக்ஸ் 10.6 பதிப்பிலிருந்து ஆப்பிள் கணினிகள் தயாரிப்பாளரின் கணக்கையே பின்பற்றுகின்றன.

இடத்தை எடுத்துக்கொள்பவை

உறக்கநிலைக் கோப்பு: கணினி உறக்கநிலைக்குச் செல்லும்போது நினைவகத்தில் உள்ளவற்றைச் சேமிக்கும் மறைகோப்பு இது. ஹைபர்ஃபில் என்ற பெயரில் முதன்மை வட்டின் வேரில் இருக்கும். இயல்பாக, விண்டோஸ் 7 இல் இதன் அளவு நினைவகத்தின் 75%. விண்டோஸ் 10 இல் 40%. 4 கிகாபைட் நினைவகம் கொண்ட விண்டோஸ் 7 மடிக்கணினியில் இது 3 கிகாபைட் ஆகும்.

பக்கக் கோப்பு: நினைவகம் போதாதபோது அதன் ஒரு பகுதியாகப் பயன்படுவது. நினைவகம் குறைவான பழைய கணினிகளில் இதனை முற்றாக நீக்கினால், மென்பொருள்கள் இடையில் நின்றுபோகக்கூடும்.

மீட்புப் புள்ளிகள்: கணினியை முந்தைய நிலைக்குக் கொண்டுசெல்ல உதவும் பதிவுகள். விண்டோஸ் எக்ஸ்பி இதற்காக வட்டின் 12% வரை ஒதுக்கியது. 80 கிகாபைட் வன்தட்டில் இது ஏறத்தாழ 9 கிகாபைட் ஆகும்.

பழைய இயங்குதளம்: விண்டோசின் புதிய பதிப்புக்கு மாறும்போது, பழைய பதிப்பு விண்டோஸ்.ஓல்ட் என்னும் கோப்புறையில் வைக்கப்படுகிறது. விண்டோஸ் 7 இல் பயனர் நீக்கும்வரை அது அப்படியே இருக்கும். விண்டோஸ் 11 இல் பொதுவாக 10 நாட்களுக்குப் பின் தானாகவே நீக்கப்படும்.

வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறை: இயங்குதளக் கூறுகளின் களஞ்சியம். ஒரே கோப்பு இரண்டு இடங்களிலிருந்து இணைக்கப்பட்டு இருமுறை எண்ணப்படுவதால், இதன் அளவு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். இதனை நேரடியாக அழித்தால் விண்டோஸ் இயங்காமல் போகலாம்.

மீட்புப் பிரிவு: மீட்பு வட்டுகளுக்கு மாற்றாகத் தயாரிப்பாளர்கள் மடிக்கணினியிலேயே அமைக்கும் வட்டுப் பிரிவு. பல மாதிரிகளில் இது 10 கிகாபைட்டுக்கும் மேற்பட்டது. கணினியை வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்ப இது உதவுகிறது.

கண்டறிதல்

கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து அளவு பார்ப்பது கடினம். இச்சிக்கலுக்கான தீர்வு ஓர் ஆய்வகத்தில் பிறந்தது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட் வன்தட்டு நிரம்பியபோது, இடம் எங்கே போயிற்று என அறியும் பொருட்டு, கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் 1990 இல் மரப்படம் என்னும் காட்சி முறையை உருவாக்கினார். இதில் ஒவ்வொரு கோப்பும் தன் அளவுக்கு ஏற்ற பரப்புள்ள செவ்வகமாகத் தோன்றும்; பெரிய கோப்பு உடனே கண்ணில் படும். வின்டர்ஸ்டாட் என்னும் கட்டற்ற மென்பொருள் இம்முறையைப் பயன்படுத்துகிறது. அதனை நிர்வாகி உரிமையுடன் இயக்கினால், மற்றபடி அணுக முடியாத கோப்புறைகள் பலவற்றையும் கணக்கிட முடியும்.

விடுவித்தல்

இழப்புக் குறைவானவற்றிலிருந்து தொடங்குவது பொதுவான முறையாகும்.

1. தற்காலிகக் கோப்புகளையும் பழைய இயங்குதளத்தையும் விண்டோசின் வட்டுத் துப்புரவுக் கருவி மூலம் நீக்கலாம். பழைய இயங்குதளத்தை நீக்கியபின் அதற்குத் திரும்ப இயலாது.
2. மீட்புப் புள்ளிகளுக்கான உச்ச அளவைக் குறைக்கலாம்.
3. உறக்கநிலைக் கோப்பைக் கையால் அழிக்க இயலாது. பவர்சிஎஃப்ஜி என்னும் கட்டளையால் உறக்கநிலையை நிறுத்தினால் கோப்பு தானாகவே நீங்கும். விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியும் அதனுடன் நின்றுவிடும்.
4. வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையை டிஸ்ம் என்னும் கருவி கொண்டு மட்டுமே சுருக்க வேண்டும்.
5. மீட்புப் பிரிவை இறுதியாகவே கருத வேண்டும். அதற்கு முன் தயாரிப்பாளரின் கருவியால் மீட்பு வட்டுகளை உருவாக்கிக்கொள்வது இன்றியமையாதது.

எச்சரிக்கைகள்

பயனரின் சொந்தக் கோப்புகளை முதலில் வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். 2018 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பில், பதிவிறக்கங்கள் கோப்புறையும் வட்டுத் துப்புரவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பதிப்பில் பட்டியலைப் படிக்காமல் அனைத்தையும் தெரிவு செய்தால், பயனர் சேமித்த கோப்புகளும் அழிந்துவிடும். பெயரில்லாமல் தோன்றும் சிறிய வட்டுப் பிரிவுகளில் கணினியைத் தொடக்கும் கோப்புகள் இருக்கலாம். அவற்றை நீக்கினால் கணினி தொடங்காது.

வட்டை நிரம்பவிடுவதும் தீங்கானது. போதிய இடமில்லையெனில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நிறைவேறாமல் போகக்கூடும். இதனைத் தவிர்க்கவே, 2019 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பு, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் ஏறத்தாழ 7 கிகாபைட் இடத்தை ஒதுக்கி வைத்தது.

லினக்சில்

லினக்சில் பரவலாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, வட்டின் 5% இடத்தை இயல்பாக நிர்வாகிக்கென ஒதுக்குகிறது. வட்டு நிரம்பினாலும் நிர்வாகி உள்நுழைந்து சரிசெய்ய இது உதவுகிறது. ஆவணங்கள் மட்டுமே உள்ள பெரிய பிரிவுகளில் இவ்வளவைக் குறைக்கலாம். மேலும், ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தாலும், அம்மென்பொருள் மூடப்படும்வரை அதன் இடம் விடுபடாது.