கொண்டாடாத விடுதலை

அடிமை என்று சொல்லிக்கொள்வதையே பெருமையாக நினைக்கிற ஊர் ஸ்ரீபெரும்புதூர். 1017-ம் ஆண்டில் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் அல்லவா? சித்திரைத் திருவாதிரை உற்சவத்தின்போது போய்ப் பாருங்கள். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கூட எதிரே வருகிறவரைப் பார்த்துக் கைகூப்பி, "அடியேன் ராமாநுஜ தாசன்" என்பார். அடியேன் என்றாலும் அடிமைதான். தாசன் என்றாலும் அடிமைதான். ஒரே வாக்கியத்தில் இரண்டு தரம் அடிமையாகி, அதில் ஆனந்தமும் கொள்கிறவர்கள் நம்மவர்கள். அந்தச் சொல்லின் இனிமை எனக்கும் தெரியும்.

ஆனால் அதே ஊரைச் சுற்றி, இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இன்று கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகிற அந்த மண்ணில், அடிமைப் பெயரைத் தாமாகச் சூட்டிக்கொள்ளாத ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக ஏர் உழுதார்கள். படியாட்கள் என்று அவர்களுக்குப் பெயர். செங்கற்பட்டு ஜில்லாவின் மிராசுதார்கள் நிலத்தோடு சேர்த்து அவர்களை விற்பதும், அடமானம் வைப்பதும் வழக்கத்தில் இருந்தன. 1819-ல் சென்னை ரெவினியூ போர்டு இந்த வழக்கத்தைப் பற்றிக் கலெக்டர்களிடம் விசாரித்து அறிக்கை வாங்கியிருக்கிறது.

அவர்களுக்கும் ஒரு நாள் விடுதலை வந்தது. 1843-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி. அந்தத் தேதியில் எந்தக் கிராமத்திலாவது ஒரு விளக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பஞ்சாங்கத்தில் பல்லி விழுந்த பலனுக்குக்கூட இடம் இருக்கிறது. இதற்கு இல்லை.

உலகத்தின் மறுகோடியில் இப்படி இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டு போகப்பட்டவர்களின் சந்ததியார் தங்கள் விடுதலை நாளைக் கொண்டாடுவதைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் செய்தது. எஜமானர்களுக்கு நஷ்ட ஈடாக 2 கோடி பவுன். அடிமைகளுக்கு ஒரு காசு கிடையாது. 1834 ஆகஸ்டு 1-ந் தேதி அமலுக்கு வந்தும், 'பயிற்சிக் காலம்' என்று சொல்லி 1838 ஆகஸ்டு 1 வரையில் பழைய எஜமானனிடமே பெரும்பாலோரை வேலை வாங்கினார்கள். அந்தக் கடைசி இரவில், ஜமெய்க்காவில் பால்மவுத் என்ற ஊரில், ஜனங்கள் மாதாகோயிலில் கண் விழித்துக் காத்திருந்தார்கள். நள்ளிரவு மணி அடித்ததும், சங்கிலியையும் சவுக்கையும் இரும்புக் கழுத்துப்பட்டையையும் ஒரு சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். அடிமைத்தனம் செத்துப்போயிற்று என்று அதற்கு ஈமக்கிரியையே செய்துவிட்டார்கள்! கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு காட்சி கற்பனையில் எளிதாக வராது.

அமெரிக்காவில் வேறு விதம். லிங்கனின் பிரகடனம் அமலுக்கு வந்தது 1863 ஜனவரி 1-ந் தேதி. டெக்ஸாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஒரு தளபதி வந்து அந்த உத்தரவை அறிவித்ததோ 1865 ஜூன் 19-ந் தேதி. இரண்டரை வருஷம் தாமதம். அங்குள்ள கறுப்பின மக்கள் பிரகடனத்தின் தேதியை விட்டுவிட்டு, செய்தி வந்து சேர்ந்த தேதியைத்தான் பண்டிகையாக்கிக் கொண்டார்கள். 1872-ல், பொது இடங்களில் அவர்களைச் சேர்க்காத காலத்தில், ஹூஸ்டன் நகரத்தில் பணம் திரட்டி 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். குடியிருக்கவோ பயிரிடவோ வாங்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள் கூடிக் கொண்டாட வாங்கினார்கள். நேற்று வரை தம்மையே பிறர் விலைக்கு வாங்கிய மனிதர்கள் வாங்கிய நிலம் அது. 2021-ல் அந்த நாள் அமெரிக்கா முழுவதற்கும் விடுமுறை நாளாயிற்று.

மொரீஷியஸ் தீவின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. அங்கே 1835 பிப்ரவரி 1-ந் தேதி அடிமைத்தனம் ஒழிந்தது. அடிமைகள் விட்ட கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வேண்டும். முதல் கூட்டம் 1834 நவம்பர் 2-ந் தேதியே கல்கத்தாவிலிருந்து போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னால் சென்னையிலிருந்து தமிழர்களும் கப்பலேறினார்கள். இன்று அந்தத் தீவில் இரண்டு தேதிகளுமே விடுமுறை நாட்கள். தைப்பூசக் காவடிக்கும் விடுமுறை உண்டு.

அங்கே லெ மோர்ன் என்று ஒரு செங்குத்தான மலை. தப்பி ஓடிய அடிமைகள் அதன் உச்சியில் ஒளிந்திருந்தார்களாம். விடுதலையாகிவிட்டது என்று சொல்லப் போலீஸ்காரர்கள் மேலே ஏறினார்களாம். பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணி, அவர்கள் மலையிலிருந்து குதித்துவிட்டார்களாம். கர்ணபரம்பரைதான். ஆனாலும் வருஷந்தோறும் மலையடிவாரத்தில் ஜனங்கள் கூடுவதன் அர்த்தம் இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. சட்டம் போட்டால் மட்டும் போதாது. நீ இனி யாருக்கும் சொந்தமில்லை என்ற செய்தி ஆளிடம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த செய்தியைப் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் மேளமும் விருந்தும்.

செங்கற்பட்டுக்கு வந்த சட்டம் எப்படிப்பட்டது? 1833-ம் வருஷச் சட்டத்திலேயே கம்பெனியின் ராஜ்யத்துக்கு இது பொருந்தாது என்று விலக்கு வைத்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து இங்கே வந்த சட்டம், அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் அங்கீகரிக்கக் கூடாது என்றது. வரிப் பாக்கிக்காக ஆளை விற்கக் கூடாது என்றது. உத்தியோகஸ்தர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சொன்ன புத்திமதி. வயலில் நின்றவனுக்குக் கோர்ட்டு எந்தத் திசை என்று யார் சொன்னார்கள்? அடிமை வைப்பது குற்றமென்று ஆனதே 1860-ம் வருஷத்துப் பீனல் கோடில்தான்.

ஆகவே அடிமைச் சீட்டு போய்க் கடன் சீட்டு வந்தது. 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பாருங்கள்: கல்யாணத்துக்கு வாங்கிய சொற்பக் கடனுக்காகப் படியாள் தன்னை அடகு வைக்கிறான், குடியிருக்கும் குடிசை மனைகூட அவனுக்குச் சொந்தமில்லை. அந்த அறிக்கையின் விளைவாகத்தான் 1892-ல் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலங்களில் எத்தனையோ இன்று வேறு கைகளில் இருக்கின்றன; அது தனிக் கதை.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்தது. பிப்ரவரி 9-ந் தேதி தமிழ்நாட்டு அரசாங்க அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். எடுக்கிறவர்கள் உத்தியோகஸ்தர்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். ஒரு கிழவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடுகிற படம் பத்திரிகைகளில் வந்தது. ஹூஸ்டனில் 10 ஏக்கர் வாங்கியவர்களையும் இந்தக் கிழவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவருக்கு யாரோ தயவு பண்ணினார்கள் என்றுதான் தோன்றியிருக்கிறது. தமக்கு உரியது திரும்பி வந்தது என்று தோன்றவில்லை.

இப்படி மீட்கப்படுகிறவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள ஈசன் காட்டிய ஆளோலைக்கு நேர் எதிரான ஓலை. அதில் பெயர் உண்டு, கையெழுத்து உண்டு, தேதியும் உண்டு. வருஷா வருஷம் அந்தத் தேதியில் குழந்தைகளுக்குப் புதுத் துணி எடுத்து, வாசலில் கோலம் போட்டுப் பாயசம் வைக்கிற ஓர் இருளர் குடும்பத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுத வேண்டுமென்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.