கொழுவினால் ஒரு கணக்கு, கழற்றினால் வேறு கணக்கு

நண்பர் ஒருவர் பழைய கரவன் ஒன்றை வாங்கினார். இங்கே காம்பிங்வொங் என்கிறோமே, அதுதான். "அண்ணை, காருக்கு இன்சூரன்ஸ் இருக்குத்தானே, பின்னால கொழுவுறதுக்கு என்னத்துக்கு வேற?" என்று கேட்டார். பாதி சரி. மற்றப் பாதியைத் தேடப்போய் நோர்வேயின் பழைய கதைக்குள் போய்விட்டேன்.

உல்லாசப் பயணத்துக்கென்று செய்த முதல் கரவனைக் குதிரைகள்தான் இழுத்தன. 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் அதைச் செய்வித்து, 'வாண்டரர்' என்று பெயரும் வைத்தார். நோர்வேயிலோ, போருக்குப் பின் நினைத்தவுடன் கார்கூட வாங்க முடியாது, அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு 1960 ஒக்டோபர் 1ஆம் திகதிதான் நீங்கியது. 1964இல் நான்கு வார விடுமுறை சட்டமானது. காரும் லீவும் கிடைத்த சனம் கரவனையும் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டது.

இதற்கிடையில், 1961 பெப்ரவரி 3ஆம் திகதி 'பில்அன்ஸ்வார்ஸ்லோவா' என்ற வாகனப் பொறுப்புச் சட்டம் வந்தது. இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதுதான். ஆனால் அங்கே சாரதியின் பிழையை நிரூபிக்க வேண்டும். இங்கே அது தேவையில்லை, வாகனத்தால் சேதம் வந்தால் அதன் காப்புறுதி கொடுக்க வேண்டும். கொழுவிய கரவனும் இதற்குள் அடங்கும். அது ஆடிப்போய்ப் பக்கத்துக் காரில் முட்டினாலும், கொக்கி கழன்று உருண்டுபோய் ஒருவரை இடித்தாலும், இழுத்த காரின் காப்புறுதிதான் பொறுப்பு.

நண்பர் சொன்ன சரியான பாதி இவ்வளவுதான். முட்டியதில் நொறுங்கிய கரவனுக்கு அதிலிருந்து ஒரு குரோணரும் வராது. பொதுப் பாதைக்கு வெளியே பாதுகாப்பாகத் தரித்து நிற்கும் வாகனத்தால் வரும் சேதத்தையும் அதே சட்டம் விலக்கி வைக்கிறது. கழற்றி ஒரு தோட்டத்தில் விட்டால், களவுக்கும் நெருப்புக்கும் புயலுக்கும் கரவனின் பெயரில் தனியாக எடுத்த காஸ்கோ போன்ற காப்புறுதிதான் பதில் சொல்லும். அதை எடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

முன்பு கரவனுக்கும் ஆண்டு வரிக் கடிதம் வரும். 2018இல் அந்த வரி வாகனக் காப்புறுதியோடு சேர்க்கப்பட்டது. கட்டாயக் காப்புறுதி இல்லாத கரவனுக்கு வரியும் இல்லை, கடிதமும் இல்லை. நல்லதுதான், ஆனால் காப்புறுதியை நினைவூட்டவும் இப்போது ஒன்றும் வருவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நாலு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசில் கரவன் வாங்கி, குளிர்காலத்துக்கு ஒரு பண்ணையில் விட்டது. வசந்தத்தில் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தால் அந்த இடம் வெறுமை. கொக்கிக்குப் பூட்டும் இல்லை, காப்புறுதியும் இல்லை. பொலிசில் முறையிட்டதோடு சரி.

இதைச் சொன்னதும் நண்பர் அடுத்த நாளே காப்புறுதிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "குளிர்காலத்தில் வண்டி எங்கே நிற்கும், என்ன பூட்டு?"