முறைப்பாடு கொடுத்தவரை யார் காப்பது? பாதிக்கப்பட்டோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது என்ன

கோப்பாய்ப் பக்கம் வாள்வெட்டில் காயமடைந்த ஒருவரை அண்மையில் சந்தித்தேன். வெட்டியவர்களில் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார். பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தில் அதைச் சொல்லவில்லை. காரணம் கேட்டேன். "சொல்லிப்போட்டு நான் வீட்டை வந்து சேரவேணுமே, தங்கச்சி" என்றார். அவரது பெயரையும் தொழிலையும் நானும் இங்கே எழுதவில்லை.

இந்தப் பயம் கற்பனை அல்ல. 2017 யூலை இறுதியில் இதே கோப்பாயில் கடமையில் இருந்த பொலிஸார் இருவரே வாளால் வெட்டப்பட்டார்கள். பொலிஸுக்கே இந்த நிலை என்றால் எங்களுக்கு யார் என்று அப்போது சனம் கேட்டது.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. அது எங்களில் பலருக்குத் தெரியாது.

சட்டம் வந்த வழி

குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு வழங்கும் சட்டமூலம் ஒன்று 2008 இல் பாராளுமன்றத்துக்கு வந்தது. அது நிறைவேறவில்லை. 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமாகவே அந்தப் பாதுகாப்பு முதலில் நடைமுறைக்கு வந்தது. இதற்கென ஒரு தேசிய அதிகாரசபையும் பொலிஸில் ஒரு தனிப் பிரிவும் உருவாகின. 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது.

என்ன கேட்கலாம்?

பாதிக்கப்பட்டவர் என்பது காயப்பட்டவர் மட்டுமல்ல. 2015 ஆம் ஆண்டுச் சட்டமே உடல், மனம், பொருளாதாரம் எதில் இழப்பு ஏற்பட்டாலும் அதைக் கணக்கில் எடுத்தது. குடும்பத்தினரையும் அவரில் தங்கியிருப்போரையும் சேர்த்துக்கொண்டது. அதன்படி பாதிக்கப்பட்டவருக்கு உள்ள முக்கியமான உரிமைகள் இவை:

- மரியாதையாக நடத்தப்படுவதும் தேவையான மருத்துவ சிகிச்சையைப் பெறுவதும்.
- விசாரணை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறிவது.
- தன் சார்பில் சட்டத்தரணியை முற்படுத்துவது.
- குற்றம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று, எதிரி குற்றவாளியாகக் காணப்பட்டபின் நீதிமன்றுக்குச் சொல்வது.
- அச்சுறுத்தல் இருந்தால் பாதுகாப்புக் கேட்பது. நட்டஈடு கோருவது.

சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். எதிரியின் முன்னால் நிற்கப் பயந்தால், வேறோர் இடத்திலிருந்து காணொளி இணைப்பு மூலம் சாட்சியமளிக்க நீதிமன்றிடம் கேட்கலாம். 2017 இல் வந்த திருத்தம் வெளிநாட்டில் இருப்பவர்களும் இவ்வாறு சாட்சி சொல்ல வழிவிட்டது.

சட்டம் பிந்தியதால் வந்த இழப்பு

திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2 அன்று ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சாட்சி சொன்ன தந்தை ஒருவர் அச்சுறுத்தலால் நாட்டை விட்டே போகவேண்டி வந்தது. 2019 யூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று 13 சந்தேகநபர்கள் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகள் வெளியேறி ஆண்டுக்கணக்கான பின்னரே அவர்களைக் காக்கும் சட்டம் வந்தது.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் கொடியது. கோப்பாயிலிருந்து நீரேரியைக் கடந்தால் கைதடி. 1996 செப்டெம்பர் 7 அன்று பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த மாணவி கிருஷாந்தி அங்கே இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். மகளைக் கேட்டுப் போன தாயும், தம்பியும், அயலவரும் திரும்பி வரவில்லை. தேடிப்போன குற்றத்துக்காகவே மூவரும் கொல்லப்பட்டார்கள். 1998 யூலை 3 அன்று கொழும்பில் தீர்ப்பு வந்தபோது, குற்றவாளியாகக் காணப்பட்ட படைச் சிப்பாய் ஒருவர் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக மன்றில் சொன்னார். 1999 இல் அங்கே 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் எலும்புகள் தெரிந்தன. அந்த ஆண்டு அகழ்வில் 200 இற்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் அடையாளம் காணப்பட்டன. அந்த வழக்குகளில் இனிச் சாட்சி சொல்லப்போகிறவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

ஓட்டை எங்கே?

குற்றம் சாட்டப்படுபவர் சீருடைக்காரராக இருந்தால், பாதுகாப்புக் கேட்கவேண்டிய இடமும் சீருடை அணிந்ததாகவே இருக்கிறது. 2015 இலேயே மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டிய குறை இது. பொலிஸ் அதிகாரத்துக்கு வெளியே சுயாதீனமான பாதுகாப்புப் பிரிவு வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. போரில் பாதிக்கப்பட்ட எங்களுக்கு இது ஏட்டுச் சட்டத் தகராறு அல்ல. பயம் யாரில் இருக்கிறதோ அவரிடமே போய் அடைக்கலம் கேட்கச் சொல்வதுதான் இங்கே நடக்கிறது.

அதுவரை செய்யக்கூடியது

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள். மிரட்டல் வந்தால் அதை முதல் முறைப்பாட்டோடு கலக்காமல் தனியாகப் பதியுங்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போகப் பயமென்றால் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஊடாகவோ, தேசிய அதிகாரசபைக்கு எழுத்து மூலமோ பாதுகாப்புக் கோரலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அரச அதிகாரிகளால் உரிமை மீறப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்திலும் முறையிடலாம்.

நான் சந்தித்தவரிடமும் இவற்றைச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவரை நான் வற்புறுத்தவில்லை. பேசுவதன் விலையைக் கொடுக்கப்போவது அவர்தான். அந்த விலையைக் குறைக்கவேண்டிய கடமை அரசுடையது.