போடிநாயக்கனூர் வீட்டுத் தரகு

வீடு விற்பவர் தரகரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது கமிஷன், கெடு, குறைந்த விலை, அட்வான்ஸ் ஆகியவற்றைப் பேசி முடிக்கும் வழக்கம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும், போடிமெட்டுக்கு மேலே இடுக்கி மாவட்டத்து ஏலமலைச் சரிவிலும் இது பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. கமிஷன் பொதுவாக விலையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் வாங்குவது உண்டு.

வரலாறு

தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் தரகர் கையின் மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது. விற்பவருக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு ஒரு விலை சொல்ல அந்தத் துண்டு இடம் கொடுத்தது. “என் கைக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே கிடைப்பது உன் சாமர்த்தியம்” என்று வீட்டுக்காரர் தரகரிடம் சொல்வதும் அந்தத் துண்டு வியாபாரம்தான். துணி மட்டும் இல்லை.

இதே ஊரின் ஏலக்காய் வணிகம் வேறு வழியில் போனது. திருவிதாங்கூர் மலைகளில் ஏலக்காய் அரசின் ஏகபோகமாக இருந்தது. விளைந்த காயை அரசிடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1896-ல் அந்த முறை நீங்கி நிலவரி வந்தது. காய் வெளிச்சந்தைக்கு இறங்கியது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் 1928-ல் வந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏலக்காய் வாரியமும், 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி நறுமணப் பொருள் வாரியமும் அமைந்தன. 1987-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏலம் விடுபவருக்கும் வாங்கும் வியாபாரிக்கும் உரிமம் கட்டாயம். 2007-ல் மின்னணு ஏலம் தொடங்கியது. இப்போது ஒவ்வொரு குவியலுக்கும் கேட்கப்படும் விலை திரையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. 2019 ஆகஸ்டில் மலைமேல் உள்ள புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, அந்தச் செய்தி அன்றே மலை முழுவதும் பரவியது. ஒரு மூட்டைக் காய்க்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. அந்தக் காயை விற்றுக் கட்டிய வீட்டுக்கு அது இல்லாதது பெரிய குறை.

சட்டம்

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் முகவர் பகுதியே தரகை ஆள்கிறது. வாய்ச்சொல்லாலும் ஒருவரை முகவராக்கலாம். பிரிவு 219-இன்படி, வேறு பேச்சு இல்லாவிட்டால், ஒப்படைத்த வேலை முடிந்த பிறகே கூலி. வீட்டு விற்பனையில் வேலை எந்த நாளில் முடிகிறது என்பது பேசிய நிபந்தனையைப் பொறுத்தது. கமிஷன் அட்வான்ஸ் கைமாறிய அன்றா, பத்திரம் பதிவாகும் நாளிலா என்று முன்பே பேசிக்கொள்வது நல்லது. பிரிவு 215-க்கான எடுத்துக்காட்டு, நிலத்தை விற்கச் சொன்னவரின் முகவரே இன்னொருவர் பெயரில் அதை வாங்கிக்கொள்வதைக் காட்டுகிறது. முகவர் முக்கிய உண்மையை நேர்மையின்றி மறைத்திருந்தாலோ, விற்பனை தமக்குப் பாதகமாக இருந்தாலோ, உரிமையாளர் அதை மறுக்கலாம். அவருக்குத் தெரியாமல் முகவர் அடித்த லாபத்தைக் கேட்டுப் பெறும் உரிமை பிரிவு 216-ல் உள்ளது.

இத்துறையின் முதன்மை வழக்கு, உச்ச நீதிமன்றம் 1950-ல் தீர்த்த அப்துல்லா அகமது எதிர் அனிமேந்திர கிஷன் மித்தர். கல்கத்தா வீட்டுக்காரர் தரகருக்கு எழுதிக் கொடுத்த கடிதம் இன்றும் நல்ல மாதிரி. விலை ஒரு லட்சத்துக்குக் குறையக் கூடாது. ஒரு லட்சத்துக்கு ஆள் பிடித்தால் 1,000 ரூபாய். 1,05,000 வரை போனால் மேல்தொகை முழுதும் தரகருக்கு. அதற்கும் மேலே போனால் அந்த மிகுதியில் கால் பங்கு. கெடு ஒரு மாதம். தரகர் ஆள் பிடித்தார். வீட்டுக்காரர் தரகரை விலக்கிவிட்டு அதே ஆட்கள் காட்டியவர்கள் பெயருக்கு விற்றார். கமிஷன் கொடுத்தே ஆகவேண்டும் என்பது தீர்ப்பு. விற்பனை ஒப்பந்தத்தைச் செய்து முடிக்கும் அதிகாரம் தரகருக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மேல்தொகை தரகருக்கு என்று எழுதித் தந்தால் அது நேர்மையான பேரம், மறைத்தால்தான் மோசடி.

பேச வேண்டியவை

முதலில் கெடு. மூன்று மாதம் என்று நாள் குறிப்பது, ‘பார்க்கலாம்’ என்பதைவிட இருவருக்கும் நல்லது. அடுத்து, ஒரே தரகரா, பலரா என்பது. பலரிடம் சொன்னால், வாங்குபவரை முதலில் கூட்டிவந்தவர் யார் என்ற சண்டை வரும். வருபவர் பெயரை அன்றன்றே எழுதி வைப்பதே மருந்து. சொந்தக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ வாங்கினால் கமிஷன் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டோக்கன் பணத்தைத் தரகர் வாங்கக் கூடாது. வீடு, நிலத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுக்கிறது. அபராதம் வாங்கியவர் தலையில், வாங்கிய தொகை அளவுக்கே விழும். தரகருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுப்பது கூடவே கூடாது.

போடி ஜமீன் ஊர். 1948-ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே ஜமீன் நிலங்கள் ரயத்துவாரிப் பட்டாவுக்கு வந்தன. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் பொருந்துகின்றனவா என்று விற்பவரே பார்த்துவிட்டால், ‘பத்திரத்தில் சிக்கல்’ என்று சொல்லித் தரகர் விலையைக் குறைக்க வழியிருக்காது.

மலைச் சரிவு

இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை வட்டத்தில் கணக்கு வேறு. அரசு குத்தகைக்குக் கொடுத்த குத்தகைப்பாட்ட நிலத்தை அதன் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. ஏலமலைக் காப்புக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடக்கிறது. புதிய பட்டா வழங்க 2024 அக்டோபரில் இடைக்காலத் தடை வந்தது. எனவே தோட்ட வீட்டை விற்பவர் எந்த வகைப் பட்டா என்பதைத் தரகரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். பத்திரப் பதிவு வரை பறிக்கும் காய் யாருக்கு, உலர்த்தும் ஸ்டோரும் மோட்டாரும் விலையில் சேருமா என்பதும் அன்றே பேச வேண்டியவை.

இன்றைய நிலை

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் தரகருக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. அது புதிய மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களுக்குத்தான், பழைய தனி வீட்டுக்கு அல்ல. விற்றவர் கொடுத்த கமிஷனை மூலதன ஆதாயக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம். வங்கி வழியாகக் கொடுத்து, தரகரிடம் கையெழுத்திட்ட ரசீதும் வாங்கி வைத்திருக்க வேண்டும்.