அடித்தகட்டின் வரலாறு

மலிவு விலை வார்ப்பு பொம்மைக் காரைக் கையிலெடுத்தால் எடை, பெயிண்ட், சக்கர ஓட்டம் பார்ப்பார்கள். நான் கவிழ்த்து அடித்தகட்டைப் படிக்கிறேன். 1953இல் லெஸ்னி கம்பெனி தொடங்கிய மேட்ச்பாக்ஸ் கார்களில் ‘மேட் இன் இங்கிலாண்ட்’ என்றிருக்கும். 1982இல் லெஸ்னி திவாலாகி ஹாங்காங் முதலாளி கைக்குப் போனபின், பல கார்கள் அதே வடிவத்தில் ‘மேட் இன் மக்காவ்’ ஆயின. உடனே, ‘அந்தக் காலத்துச் சரக்கு மாதிரி வருமா?’ என்ற பெருமூச்சு.

அந்தக் காலத்துச் சரக்கு எப்படி இருந்ததாம்? 1930களில் லிவர்பூலில் வார்த்த டிங்கி கார்கள் பல, துத்தநாகத்தில் ஈயம் கலந்துபோனதால் விரிசல் விட்டு உதிர்ந்தன. உலோகம் தேசம் பார்ப்பதில்லை. கலவையின் சுத்தத்தைத்தான் பார்க்கும். தேசத்தின் பெயரையே தரமாக வாசிக்கிறபோது, மூலதனம் குறைந்த கூலி தேடி ஊர் மாறிய கதை மறைந்துபோகிறது. லண்டன் ஹாக்னியிலும் மக்காவிலும் வார்த்த கைகளின் பெயர் எந்த அடித்தகட்டிலும் இல்லை. தரம் பற்றிய பேச்சை அங்கேயிருந்துதான் தொடங்கணும்.