இதய நோயாளிகளும் நடைப்பயிற்சியும்

இதய நோய் உள்ளவர்கள் நடக்கலாமா? மருத்துவர் அனுமதித்தால் தாராளமாக நடக்கலாம். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையைக் கண்டது. ஆனால் இதய நோயாளிக்கு அளவுகோல் தூரமல்ல, மூச்சுதான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே போதும்.

காஞ்சிபுரம், ஏனாத்தூர் பகுதிகளில் நாள் முழுவதும் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் 5 நிமிடத்தில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக 30 நிமிடமாகக் கூட்டலாம். ஃபஜ்ர் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன் நடப்பது நல்லது. சாப்பிட்டவுடன் நடக்க வேண்டாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே உட்காருங்கள். சில நிமிடங்களில் குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதலுதவி மாத்திரைகள் தரப்படுகின்றன. வாயுத் தொல்லை என்று எண்ணிக் காலம் தாழ்த்தாதீர்கள்.