முகவரியை மறைத்த மொழிகள்

கணினியின் நினைவகம் எண்ணிட்ட அறைகளின் நீண்ட வரிசை. ஓர் அறையின் எண்ணையே தன் மதிப்பாக வைத்திருக்கும் மாறிதான் பாயிண்டர். 1964இல் ஹரால்டு லாசன் பிஎல்/1 மொழிக்காக இதை வகுத்தார். 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி, பாயிண்டரை நிரலாளரின் அன்றாடக் கருவியாக்கியது.

இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் வந்ததும் அதே 1972இல்தான். பெங்களூரில் தமிழர் நிறைந்த நீலசந்திராவுக்கு வரும் கடிதத்தில் கதவு எண், கிராஸ், பேட்டையின் பெயர், கடைசியில் 560047 என்று எழுதியிருக்கும். வாடகைக்கு இருந்த குடும்பம் வீடு மாறிய பிறகும் பழைய முகவரிக்கே கடிதம் போட்டால், அது புதிதாகக் குடிவந்தவர் கையில் சேரும். சி மொழியின் பெரிய ஆபத்தும் இதுவே. விடுவித்துவிட்ட இடத்தின் எண்ணைப் பாயிண்டர் இன்னும் வைத்திருக்கும். அதன் வழியே எழுதினால் வேறொன்றின் தரவு கெடும். நிரல் உடனே நின்றுவிட்டால் பிழை தெரிந்துவிடும். நிற்காமல் ஓடினால் அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இதற்கான மாற்று சி மொழிக்கு முன்பே பிறந்திருந்தது. 1959 வாக்கில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காகக் குப்பை சேகரிப்பு முறையை உருவாக்கினார். நிரலால் எட்ட முடியாத பொருள்களை மொழியே கண்டறிந்து, அவற்றின் இடத்தை மீட்டுக்கொள்ளும். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது. 2002இல் டாட்நெட் மென்பொருள் தளத்துடன் வந்த சி ஷார்ப் மொழியும் அதே வழியில் நடந்தது. பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களில் வங்கி, காப்பீடு, வணிகப் பணிகளுக்கு இவ்விரு மொழிகளும் பரவலாயின.

இம்மொழிகளில் பொருள்கள் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. இடையிடையே விழும் வெற்றிடங்களை நீக்க, சேகரிப்பான் அவற்றை நெருக்கி அடுக்கும். அவற்றைச் சுட்டும் குறிப்புகளையும் தானே திருத்திவிடும். வீடு மாறிய குடும்பத்தின் புது முகவரியை உறவினர் அத்தனை பேருக்கும் அன்றே தெரிவிப்பது போன்றது இது. அதனால்தான் முகவரி எண் நிரலாளரின் கண்ணில் படாமல் வைக்கப்பட்டது.

ஆனாலும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு: எட்டக்கூடிய பொருள் இனிப் பயன்படாது என்றாலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அத்தகைய பொருள்களைச் சுட்டும் இணைப்புகளை முன்கூட்டியே கண்டறிந்து துண்டிக்கும் ஆய்வை மும்பை ஐஐடியின் உதய் கேட்கர், அமிதாப சன்யால், அமேய் கர்கரே ஆகியோர் 2007இல் வெளியிட்டனர்.

முகவரியை முழுவதுமாக ஒதுக்கவும் முடியவில்லை. இயக்க முறைமையோடும் சி நூலகங்களோடும் பேச அது தேவைப்பட்டது. சி ஷார்ப் தொடக்கத்திலேயே ‘அன்சேஃப்’ என்ற வாசலைத் திறந்து வைத்தது. ‘ஃபிக்ஸ்டு’ என்று அறிவித்தால், அந்தப் பகுதி முடியும்வரை சேகரிப்பான் அப்பொருளை நகர்த்தாது. முழு எண் வரிசை ஒன்று 1000ஆம் முகவரியில் தொடங்குவதாகக் கொள்வோம். பாயிண்டரோடு ஒன்றைக் கூட்டினால் 1001 கிடைக்காது. ஓர் எண்ணுக்கு 4 பைட் என்பதால் 1004 கிடைக்கும். வரிசையின் எல்லையைத் தாண்டினால் அங்கே தடுப்பவர் யாரும் இல்லை.

ஜாவாவில் 1997இல், சி நிரல்களோடு பேசும் இடைமுகமான ஜேஎன்ஐ வந்தது. பிறகு உள்பயன்பாட்டுக்கென இருந்த ‘அன்சேஃப்’ வகுப்பை வெளியாரும் வேகத்துக்காகக் கையாண்டனர். காலப்போக்கில் இரு மொழிகளும் காவலுள்ள வழியைத் தேடின. 2017இல் சி ஷார்ப் 7.2 ஆதரித்த ‘ஸ்பான்’, முகவரியோடு நீளத்தையும் சேர்த்து வைத்து எல்லையைச் சரிபார்க்கிறது. 2024 மார்ச்சில் ஜாவா 22 நிலைப்படுத்திய நினைவக இடைமுகம், எல்லையோடு ஆயுளையும் கவனிக்கிறது: மூடிய பகுதியைத் தொட்டால் பிழை அங்கேயே வெளிப்படும்.

அறுபது ஆண்டு வரலாறு சொல்லும் தீர்ப்பு இது: முகவரி தவிர்க்க முடியாதது. ஆனால் அதன் எல்லையும் ஆயுளும் உடன் எழுதப்பட்டிருந்தால்தான் அது நம்பத்தகுந்தது.